மலைப்பூண்டு ரெடி... கடிதம் ரெடியா?
ஒரு தாள் பணமும் கொண்டுவரும், வம்பும் கொண்டுவரும்!

கொடைக்கானல்:

சரக்கு முதல் தரம். விலையும் நியாயம். ஆனாலும் வெளியூர் மண்டிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஏன்?

கடிதத்தைப் படித்தால் காரணம் தெரிந்துவிடும்.

"நலம், நலமறிய ஆவல். நிற்க. இப்பவும் எங்களிடம் அருமையான மலைப்பூண்டு உள்ளது. தாங்கள் ஆதரவு தர வேண்டும்."

இவ்வளவுதான்! எத்தனை கிலோ? என்ன விலை? லாரி வாடகை யாருடையது? ஒன்றுமே இல்லை.

மண்டிக்காரர் கல்லாவில் உட்கார்ந்து நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கடிதம் படிக்கிறவர். "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று கம்பியில் குத்திவிடுவார். கம்பியில் ஏறிய கடிதம் கீழே இறங்குவது ஏது? வாட்ஸ்-அப்பில் வந்தாலும் இதே கதைதான். தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

பெயருக்குத் தனி மவுசு

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பெயருக்கு மவுசு கூடியது.

மலையடிவாரத்து வடுகபட்டி சந்தையில் மூட்டையைப் பிரித்துக் காட்டினால் போதும். சரக்கே பேசும். நேரடியாக வெளியூர்க் கடைக்கு விற்க நினைத்தால் சரக்குக்குப் பதில் கடிதம்தான் பேச வேண்டும்.

எப்படி எழுதுவது?

நல்ல வியாபாரக் கடிதத்துக்கு ஆறு விஷயம் போதும். என்ன சரக்கு, எவ்வளவு, என்ன விலை, எங்கே கொண்டுவந்து தருவது, பணம் எப்போது, பதில் எந்தத் தேதிக்குள். உதாரணத்துக்கு ஒரு கடிதம். இதில் உள்ள விலை மாதிரிக்கு மட்டும்.

"ஐயா, வணக்கம். பூம்பாறையில் விளைந்த மலைப்பூண்டு, நன்றாக உலர்ந்தது, 50 கிலோ மூட்டை 10 உள்ளது. கிலோ 250 ரூபாய். வத்தலக்குண்டு லாரி ஆபீஸ் வரை எங்கள் செலவு. அதற்கு மேல் வாடகை தங்களுடையது. பாதிப் பணம் முன்பணம். மீதி, சரக்கு சேர்ந்த 7 நாளில். ஒரு கிலோ சாம்பிள் தனியாக அனுப்பியுள்ளோம். இந்த விலை வரும் 20-ந் தேதி வரைதான். அதற்குள் ஒரு வரி பதில் எழுதவும்."

படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. படித்தவர் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. "அனுப்புங்க" அல்லது "வேண்டாம்" என்று சொன்னால் போதும்.

தேதி போடாவிட்டால்...?

"20-ந் தேதி வரை" என்ற அந்த ஒரு வரிதான் வியாபாரியைக் காப்பாற்றும்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தபாலில் விலை சொன்னவரை எதிர்க்கட்சிக்காரரின் சம்மதக் கடிதம் கட்டிப்போட்டுவிடும். அது கைக்கு வந்து சேரக்கூட வேண்டாம். அவர் தபாலில் சேர்த்த நிமிஷமே போதும்!

பூண்டு விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. மறுநாள் விலை ஏறிவிட்டது, "பழைய விலைக்குக் கட்டாதுங்க" என்றால் செல்லாது. வாபஸ் வாங்குவதாக இருந்தால், அவர் சம்மதக் கடிதத்தைத் தபாலில் போடும் முன்பே தகவல் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். கெடு தேதி குறித்திருந்தால் இந்த வம்பே இல்லை. தேதி தாண்டியதும் அந்த விலை தானாகவே காலாவதி.

அளந்து எழுதணும்!

விற்பனைக் கடிதம் என்றாலே சிலருக்குக் கை நீளும். "உலகிலேயே முதல் தரம்" என்று அடித்து விடுவார்கள். வாங்குகிறவருக்கு அதனால் என்ன லாபம்? எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பழுது வந்தால் மாற்றித் தருவீர்களா? இதுதான் அவருக்கு வேண்டும்.

இன்னொன்று. எழுதியது எழுதியதுதான்! 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வர்ணித்தபடியே சரக்கு இருக்க வேண்டும். சாம்பிள் காட்டினால் சாம்பிளைப் போலவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் ஏற்க மறுக்கலாம்.

வேறு ஊர்ப் பூண்டை "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று எழுதி விற்றால்? 1999-ம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

தைலம் விற்பவர்களும் உஷார்! "நீரிழிவு தீரும், புற்றுநோய் போகும்" என்று நோட்டீஸில் எழுதினால் 1954-ம் ஆண்டு சட்டம் பாயும். லேபிள், சுற்றறிக்கை எல்லாமே அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான்.

பாக்கிக் கடிதம்

எழுதக் கஷ்டமான கடிதம் இதுதான். கோபமாக எழுதினால் உறவு போச்சு. எழுதாமல் விட்டால் பணம் போச்சு!

பில் நம்பர், தேதி, பாக்கித் தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும். இந்த நாலும் இருந்தால் போதும். "ஏமாத்திட்டீங்க" என்ற பேச்சே வேண்டாம். மரியாதை குறையாமல் எழுதினால் அடுத்த சீசனுக்கும் அவர் வருவார்.

அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கடன் தவணை குறித்திருந்தால், தவணை முடிந்த நாளிலிருந்து கணக்கு. நாம் எத்தனை நினைவூட்டல் எழுதினாலும் இந்தக் கெடு நீளாது. கெடுவுக்குள் கடன்பட்டவர் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்று முதல் புதுசாக 3 ஆண்டு கிடைக்கும். அதனால் பாக்கிக் கடிதத்தின் கடைசியில், "மேற்படி தொகை சரி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

முக்கியக் கடிதத்துக்கு நகல் ஒன்று, தபால் ரசீது ஒன்று, இரண்டும் பைலில் இருக்கட்டும். ரிஜிஸ்டர் தபால் என்று தனியாகக் கேட்க வேண்டாம். 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்டுடன் சேர்ந்துவிட்டது.