மறதி நோய்: வீட்டு வாசலில் நின்றுவிடும் அரசு உதவி

புது தில்லி: வயதான பெற்றோரைக் கவனித்துக் கொள்ள மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு எடுக்கலாம் என்ற செய்தி 2025 ஜூலை மாதம் நாடெங்கும் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தது. மாநிலங்களவையில் பணியாளர் நலத்துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங் எழுத்துமூலம் அளித்த பதில்தான் அதற்கு ஆதாரம். அப் பதிலை முழுமையாகப் படித்தவர்களுக்கு அதில் புதிதாக ஏதுமில்லை என்பது விளங்கியிருக்கும். ஊழியர்களுக்கு ஏற்கெனவே உள்ள 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றைச் சொந்தக் காரணம் எதற்காகவும் பயன்படுத்தலாம். பெற்றோரைப் பராமரிப்பதும் அதில் அடங்கும் என்பதே பதிலின் சாரம். ஊர்த் திருவிழாவுக்குப் போவதற்கும் அதே விடுப்புதான்.

குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் தனி விடுப்பு 2008-ம் ஆண்டு முதல் உண்டு. முதியோர் பராமரிப்புக்கென்று ஒரு நாள்கூட இல்லை. பதிலளித்த அமைச்சரே அணுசக்தித் துறைக்கும் இணையமைச்சர். அத்துறையின் ஊழியர்கள் குடும்பத்துடன் வாழும் மும்பை அணுசக்தி நகரில் இந்தக் கேள்வி ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறது எனலாம்.

டிராம்பே மலைக்கு இப்பால், மான்கூர்டுக்கும் தேவ்நாருக்கும் பக்கத்தில், மதிற்சுவரும் மரங்களுமாக அமைந்துள்ள நகரியம் அது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணிபுரியத் தமிழகத்திலிருந்து வந்த விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். நகரியத்திலேயே மருத்துவமனை உண்டு. பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் கீழ் ஊழியருக்கும், அவரைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும், ஓய்வூதியர்களுக்கும் சிகிச்சை கிடைக்கிறது. இந்தியாவில் இதைவிட நல்ல மருத்துவப் பாதுகாப்பு உள்ள குடியிருப்புகள் மிகச் சிலவே. ஆனால் அந்தப் பாதுகாப்பும் வீட்டு வாசலில் நின்றுவிடும் ஒரு நோய் இருக்கிறது.

என் பெரியப்பா அணுசக்தித் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்நகரில் குடியிருந்தது 20 ஆண்டுகளுக்கு மேல். ஓய்வு பெற்றால் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. தேவ்நாரில் ஒரு சிறு வீடு வாங்கிக் குடியேறினார். சில ஆண்டுகளுக்கு முன்பு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு தேதி. ஒரு நாள் மாலை காணாமல் போனவரை நகரிய நுழைவாயிலில் கண்டுபிடித்தோம். "வீட்டுக்குப் போகணும்" என்று காவலரிடம் சொல்லிக் கொண்டிருந்தார். அவர் மனத்தில் இருந்த வீடு பழைய குடியிருப்பு. அடுத்த ஆறு மாதத்தில் நான்கு முறை அதே வாயிலில் நின்றார். நான்காவது முறை காவலரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, எங்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்.

காலை ஏழரை மணியானால் அலுவலக அடையாள அட்டையைத் தேடுவார். ஓய்வு பெற்றாயிற்று என்று மகன் விளக்கினால் கோபம் வரும். சில நாள் கை ஓங்கியதும் உண்டு. பெரியம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். "இன்னைக்கு லீவுங்க, நாளைக்குப் போகலாம்" என்பார். பெரியப்பா அமைதியாகக் காபி குடிப்பார். எதிர்வாதம் செய்யாமல் நோயாளியின் உலகத்துக்குள் சென்று பேசுவதைத்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் குடும்பத்தினருக்குக் கற்றுத் தருகின்றனர் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மாவுக்கு வயது 72. கற்றுத் தர யாரும் வரவில்லை.

88 லட்சம் பேர்: டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பான மறதி அன்று. மூளை செல்கள் சிதைவதால் நினைவும், மொழியும், முடிவெடுக்கும் திறனும், இறுதியில் உடல் இயக்கமும் படிப்படியாகக் குறைகின்றன. அல்சைமர் நோய் இதற்கு முதன்மையான காரணம். மூளையின் ரத்தக் குழாய் பாதிப்பு மற்றொன்று. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. 2036-ல் இது ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சமாகலாம் என்பதும் அதே ஆய்வின் கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் நோய் அதிகம்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது மருத்துவமனையில் அல்ல, வீட்டில். அரசின் பணமோ மருத்துவமனைக் கட்டிலைத் தேடிச் செல்கிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் 5 லட்சம் ரூபாய் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. 2010-ல் தொடங்கப்பட்ட முதியோர் நலத் தேசியத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவது படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்காக. மறதி நோயாளி படுத்துக் கிடப்பதில்லை. கதவைத் திறந்து கொண்டு நடந்து போய்விடுகிறார். அதுதான் பிரச்னையே.

வருமான வரி விதிகளில் மட்டும் டிமென்ஷியாவுக்குப் பெயர் சொல்லி இடம் கிடைத்தது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவின்படி மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. 2020-ல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

அவைக்கு அந்நியமல்ல: நாடாளுமன்றத்துக்கு இந்நோய் தெரியாதது அல்ல. 1967 பொதுத் தேர்தலில் தெற்கு பம்பாயில் காங்கிரஸின் எஸ்.கே. பாட்டீலைத் தோற்கடித்துப் புகழ் பெற்ற ஜார்ஜ் பெர்னாண்டஸ், 2009-ல் மாநிலங்களவைக்கு வந்தபோது நோயின் பிடியில் இருந்தார். அவரை யார் கவனித்துக் கொள்வது என்பதில் மனைவிக்கும் சகோதரர்களுக்கும் இடையே எழுந்த வழக்கு 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீண்டகாலத் தோழி ஜெயா ஜேட்லி அவரைச் சந்திக்கவும் நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டது. 2019 ஜனவரியில் அவர் காலமானார். முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கே அந்த நிலை என்றால், ஓய்வூதியம் வாங்கும் சாதாரண ஊழியரின் குடும்பம் எங்கே போகும்?

சட்டத்தின் இடைவெளி இங்குதான் தெரிகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 குறைபாடுகளில் பார்க்கின்சன் நோய் பெயருடன் உள்ளது, டிமென்ஷியா இல்லை. 'மன நோய்' என்ற தலைப்பின் கீழ்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுகள் உள்ளோருக்கு மாவட்ட அளவிலேயே பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. மறதி நோய் அதன் வரம்புக்குள் வராது. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்க மேலாளரை நியமிக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அதை ரத்து செய்து 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு 'நியமனப் பிரதிநிதி'யைத் தருகிறதே தவிர, சொத்து பற்றிப் பேசவில்லை. எனவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகின்றன. மறதி நோயுற்ற பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பாதுகாவலராக மும்பை உயர் நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் நியமித்துள்ளது.

பெரியப்பாவின் வைப்புத்தொகை முதிர்ந்தபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கிக் கிளை ஒன்று திருப்பி அனுப்பியது. கைநாட்டு வைக்கலாமே என்றோம். கை நடுங்குவோருக்கு அது சரி, இவருக்கு எதில் கைநாட்டு வைக்கிறோம் என்பதே தெரியாதே என்றார் மேலாளர். அவர் சொன்னதில் தவறில்லை. நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார். உதவியாளரின் சம்பளத்துக்காக எடுக்க நினைத்த பணம் அது. வழக்கறிஞர் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் குடும்பம் அந்த யோசனையைக் கைவிட்டது.

காலாவதியான மசோதா: இத்தனைக்கும் வீட்டுப் பராமரிப்பு என்ற சொல் ஒரு முறை மக்களவை வரை வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டபோது அதன் நோக்கம் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றுத் தருவதுதான்; உச்சவரம்பு மாதம் 10 ஆயிரம் ரூபாய். இதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா அந்த உச்சவரம்பை நீக்கியதோடு, முதியோருக்கு வீட்டில் சேவை அளிக்கும் நிறுவனங்களைப் பதிவு செய்யவும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கவும் வழி செய்தது. நிலைக்குழுவுக்குச் சென்றது, 2021 ஜனவரியில் குழுவின் அறிக்கையும் வந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும் நிறைவேற்றப்படவில்லை. 2024-ல் 17-வது மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியானது. விவாதமின்றி நிமிடங்களில் மசோதாக்கள் நிறைவேறியதைப் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பலமுறை பார்த்தவன் என்ற முறையில், நேரமின்மையை இதற்குக் காரணமாகச் சொன்னால் ஏற்பதற்கில்லை.

அந்த மசோதா சட்டமாகியிருந்தாலும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நின்றிருக்கும். ஆனால் மும்பையில் 'பியூரோ' எனப்படும் முகவர்கள் அனுப்பும் உதவியாளருக்குப் பயிற்சி உண்டா, சம்பளத்தில் முகவரின் பங்கு எவ்வளவு என்பதையாவது கேட்க ஓர் அதிகாரி இருந்திருப்பார்.

பெருஞ்செலவில்லாத வழிக்கு முன்மாதிரி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கோவாவில் மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. டாக்டர்கள் அமித் டயஸ், விக்ரம் படேல் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு அது. ஒரு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாத காலம் வீடுகளுக்குச் சென்றனர். நோய் என்ன என்று விளக்குவது, கோபத்தையும் அலைச்சலையும் சமாளிக்கச் சொல்லித் தருவது, குடும்பத்தின் மற்றவர்களையும் பொறுப்பேற்க வைப்பது, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவையே அவர்கள் பணி. நோயாளியின் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிரூபணமாகவில்லை. கவனித்துக் கொள்பவரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. கேரளம் 2014-லேயே மறதி நோய்க்கென மாநிலத் திட்டம் தொடங்கியது. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையுடன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அதே பணியாளர் இன்னும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பயிற்றுவிப்பது பெரிய காரியமல்ல. தேசிய அளவில் தனித் திட்டம் வகுக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2017-ல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக் கொண்டது. இந்தியாவுக்கு அப்படியொரு திட்டம் இன்னும் இல்லை.

மும்பைத் தமிழர்களுக்கு மேலும் ஒரு சிக்கல். பின்னர் கற்ற மொழி முதலில் நழுவுவதும் தாய்மொழி கடைசி வரை தங்குவதும் இந்நோயில் பலரிடம் காணப்படுகிறது. 40 ஆண்டுகள் ஹிந்தியில் அலுவலகம் நடத்திய பெரியப்பாவுக்கு இப்போது தமிழ் மட்டுமே புரிகிறது. மகனுடன் வாழ ஊரிலிருந்து அணுசக்தி நகருக்கு வந்த பெற்றோருக்கோ முதலிலிருந்தே அக்கம்பக்கத்து மொழி தெரியாது. நோயைக் கண்டறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கி 2020-ல் வெளியான சோதனைத் தொகுப்பு ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. தமிழும் மராத்தியும் அப் பட்டியலில் இடம்பெறவில்லை. அணுசக்தி நகர், செம்பூர், தாராவி ஆகிய மூன்று பேரவைத் தொகுதிகளும் மும்பை தென்மத்தி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. தேர்தல்தோறும் தமிழகத் தலைவர்கள் வந்து தமிழில் வாக்குக் கேட்கும் பகுதி என்பது குறிப்பிடத்தக்கது.

பியூரோ அனுப்பிய இரண்டு மாவ்ஷிகள் மராத்தி மட்டுமே பேசினர். பெரியப்பா அவர்களைத் திருடர்கள் என்று விரட்டினார். மூன்றாவதாக வந்தவர் சீத்தா கேம்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அவரிடம் அடங்கிப் போனார்.

சீத்தா கேம்பின் வரலாறு அணுசக்தி நகருடன் பிணைந்தது. அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டும் என்பதற்காக, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976 மே மாதம் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த சுமார் 70 ஆயிரம் பேரைக் கொண்டுபோய் விட்ட இடம் அது. அப்படி வந்த குடும்பங்களில் இப்பெண்ணின் கணவர் குடும்பமும் ஒன்று. பங்களிப்பு மருத்துவத் திட்டம் அங்கு கிடையாது. காலை எட்டு மணிக்கு வந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் அவர், ஒருநாள் பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: அவருடைய மாமியாரும் ஒரு வருடமாக இப்படித்தான் இருக்கிறார், பழைய ஜனதா காலனி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று பெரியம்மா கேட்டார். வயசானால் அப்படித்தானே அம்மா என்று அவர் சொன்னார். பகலில் மாமியாரை வீட்டில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருகிறார். மதியம் பக்கத்து வீட்டுப் பெண் திறந்து சோறு கொடுக்கிறாள்.