வாயிலில் நிற்கும் ஆஷா

கருத்தடை, கருச்சிதைவு, பால்வினை நோய் ஆகிய சொற்களை நம் இல்லங்களில் எவரும் உரக்கச் சொல்லுவதில்லை. சொல்ல நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அவற்றைப் பேசுவதையும் தம் பணியாக ஏற்று, வீடுதோறும் ஏறியிறங்கும் பெண்கள் நம் நாட்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் உள்ளனர். ஆஷா ஊழியர் என்று அவர்களை அறிவோம். அவர்கள் படும் இடர்களை அறியோம்.

2005-ஆம் ஆண்டில் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அந்தந்த ஊர்ப் பெண்களே இப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். நகரத்து ஏழைக் குடியிருப்புகளுக்கும் இம்முறை பின்னர் வந்தது. கருவுற்றவளைப் பதிவு செய்விப்பதும், பேறுகாலத்தில் மருத்துவமனைக்கு உடன் செல்வதும், கருத்தடை மாத்திரையையும் உறையையும் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதும் இவர்தம் கடமைகளாம்.

முதல் இடர், நாணம். மாமியார் இருக்கும் கூடத்தில் மருமகளிடம் எதைக் கேட்பது? ஆடவரிடம் பேசினாலோ, பேசியவளின் ஒழுக்கத்தையே ஊர் ஐயுறும். ஆதலால் பேச்செல்லாம் பெண்களோடு நின்றுவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு மூன்றே!

இரண்டாவது, பிறர் செய்த பிழையின் பழி. 1976-இல் நெருக்கடி நிலையின்போது நடந்த கட்டாய அறுவைகளை முதியோர் இன்றும் மறந்திலர். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும், கத்தி பிடித்தவரை ஊரார் மீண்டும் காண்பதில்லை. உடன் அழைத்துச் சென்றவளையே நாள்தோறும் காண்கின்றனர்.

மூன்றாவது, ஊதியம். அரசின் திட்டப்படி அவள் தொண்டர். ஆகவே முறையான சம்பளம் இல்லை, பெரும்பாலும் ஊக்கத்தொகையே உண்டு. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆஷா ஊழியரைப் பாராட்டி விருது வழங்கியது. 2025-இல் கேரளத்து ஆஷாக்கள் உரிய ஊதியம் கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் பல மாதங்கள் அமர்ந்திருந்தனர். முதல் தேதியில் சம்பளம் பெறும் நம்மனோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மும்பையில் 1921-இல் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்த ர. தோ. கார்வே, இக்கருத்துகளுக்காகக் கணிதப் பேராசிரியர் பதவியை இழந்தார். தம் இதழுக்காக வழக்குகளையும் சந்தித்தார். 1934-இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். கல்வியும் புகழும் உடைய அவருக்கே அந்நிலை என்றால், எட்டாம் வகுப்புப் படித்த ஆஷாவுக்காக வாதாட யார் உளர்?

நாம் உளோம். தாயும் மாமியும் அருகில்லாத அயலூரில் நம் இளம் பெண்கள் பிள்ளை பெறுகின்றனர். கதவைத் தட்டுபவளிடம், “பாஷை தெரியாது” என்று சொல்லித் தாழிடுகிறோம். இனி அவளை உள்ளே அழைத்து அமரச் செய்வோம். மொழி அறிந்தவர் எடுத்துச் சொல்லட்டும். வீட்டு ஆடவர் எழுந்து போகாமல் உடனிருந்து கேட்கட்டும். அதுவே அவளுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி.