பெயர் மாறிய மின்வாய்கள்

தமிழ்த் துறை மலரில் பற்றவைப்பைப் பற்றிய கட்டுரை எதற்கு என்னும் வினா எழலாம். பெயரும் பொருளும் பொருந்தி நிற்கவேண்டும் என்பது சொல்லிலக்கணம் பயில்வோர்க்கு மட்டும் உரிய கவலை அன்று. அனல்மின் நிலையத்தின் நீராவிக் குழாயைப் பற்றவைப்பவர்க்கு அஃது உயிரைப் பற்றிய கவலையாகும். திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையிலும் வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளிலும் பணிபுரியும் நம்மவர் இதனை நன்கறிவர்.

கடும் வெப்பத்தில் அழுத்தத்தைத் தாங்கும் சாதாரண எஃகு, நாளடைவில் மெல்ல மெல்ல நீண்டு நெகிழும். அதனைத் தடுக்க மாலிப்டினமும், வெப்பத்தில் செதிளாகி உதிராமல் காக்கக் குரோமியமும் சேர்ப்பர். குழாயில் உள்ள சேர்க்கையே, தொழிலாளர் 'ராடு' என்றழைக்கும் மின்வாயிலும் இருத்தல் வேண்டும். குரோமியம் ஒன்றேகால் விழுக்காடும் மாலிப்டினம் அரை விழுக்காடும் கொண்ட எஃகிற்கு இ8018-பி2 பொருந்தும். குரோமியம் இரண்டேகாலும் மாலிப்டினம் ஒன்றும் ஆயின் இ9018-பி3. அமெரிக்கப் பற்றவைப்புக் கழகம் இட்ட பெயர்கள் இவை. 80 என்பது சதுர அங்குலத்திற்கு 80,000 பவுண்டு இழுவலிமையையும், 18 என்பது ஹைட்ரஜன் குறைந்த பூச்சினையும், பி2 என்பது உலோகச் சேர்க்கையையும் குறிக்கும். புலவரும் பொறாமைப்படத்தக்க சொற்சிக்கனம்!

ஆயினும் இப்பெயர்கள் நிலைத்து நின்றவை அல்ல. கரிமம் குறைந்த வகை ஒருகாலத்தில் இ8018-பி2எல் எனப்பட்டது. கரிமம் குறைய வலிமையும் குறையுமாதலின் 80,000 பவுண்டை எப்போதும் எட்டுதல் அரிதாயிற்று. எனவே 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இ7018-பி2எல் ஆயிற்று. பொருள் அதுவே; பெயரிலிருந்த மிகைக்கூற்றே திருத்தப்பட்டது. இதனை அறியாத பண்டகக் காப்பாளர், பழைய வரைபடத்திலுள்ள பெயரைத் தேடிக் களைத்துப்போவார்.

பெயரினும் உட்பொருளே இடர் தரும் இடமும் உண்டு. 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் சிறிதளவு வனேடியமும் நையோபியமும் கொண்ட 91ஆம் தர எஃகு, 1983-84இல் அமெரிக்கத் தரநூல்களில் இடம்பெற்றது. இதற்குரிய இ9015-பி9 என்னும் மின்வாய் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பி91 எனப் பெயர் பெற்றது. அது எளிய மாற்றமே. மாங்கனீசும் நிக்கலும் எவ்வளவு சேரலாம் என்பதே கடினமான வினா. இவை பற்றுலோகம் நொறுங்காமல் காக்கும் என்பதால் தயாரிப்பாளர் இவற்றை விரும்பிச் சேர்ப்பர். ஆனால், எஃகின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் வெப்பநிலையை இவை தாழ்த்திவிடும். பற்றவைத்த இணைப்பினை ஏறத்தாழ 750 பாகை செல்சியசில் வைத்துப் பதப்படுத்துவது வழக்கம். சூடு அம்மாறுநிலையைத் தாண்டினால், ஆறும்போது கடினமும் நொறுங்கும் தன்மையும் உடைய புதிய அமைப்பு உருவாகும். பதப்படுத்தச் செய்த செயலே பழுதாக முடியும்.

ஆகவேதான் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் விதிகள், பதப்படுத்தும் வெப்பத்தின் உச்சவரம்பை இவ்விரண்டின் கூட்டுத்தொகையோடு பிணைத்தன. தரநூல் இடந்தந்தாலும், கூட்டுத்தொகை 1 விழுக்காட்டிற்குள் அமையவேண்டுமென வலியுறுத்தும் ஆலைகள் பல. மின்வாய்ப் பெட்டியின்மேல் உள்ள பெயர் இதனைச் சொல்லாது. உடன்வரும் சோதனைச் சான்றிதழில் அவ்விரு எண்களையும் கூட்டிப் பார்த்து, ஒப்பந்தம் எந்த ஆண்டுப் பதிப்பினைச் சுட்டுகிறது என்றும் நோக்கிய பின்னரே, சூட்டின் அளவை முடிவு செய்வர் பட்டறிவுடைய பொறியாளர்.