கோழித் தீவனத்தில் மருந்து, மருத்துவமனையில் ஆபத்து

பருத்தியில் காய்ப்புழுவுக்கு ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் என்ன ஆகும் என்பது விவசாயிகள் அனுபவத்தில் கண்டதே. முதலில் பெரும்பாலான புழுக்கள் மடியும். தப்பிய சில புழுக்களின் சந்ததி பெருகும். பிறகு மருந்தின் அளவைக் கூட்டினாலும் புழு கட்டுப்படாது. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளிடமும் இதுவே நிகழ்கிறது. கோழிப் பண்ணையில் தோன்றும் இந்தத் தொல்லை மருத்துவமனைப் படுக்கை வரை செல்லக்கூடியது. ஆகவே கோழி, கறவை மாடு வளர்ப்போர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கடைசிக் கட்ட மருந்து

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்குச் செயற்கைச் சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாயில் ஊசி ஆகியவை பொருத்தப்படுகின்றன. இவற்றின் வழியாக கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் உடலுக்குள் புகுந்து நுரையீரலையும் ரத்தத்தையும் தாக்குகின்றன. சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே தொற்றும் நோய் இது. இக்கிருமிகளில் பல, வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. அப்போது டாக்டர்கள் கையில் எஞ்சியுள்ள ஒரு சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின்.

இது 1940-களின் பிற்பகுதியில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் 1970-களில் டாக்டர்கள் இதை ஒதுக்கினர். மற்ற மருந்துகள் பலனற்றுப் போனதால் மீண்டும் இதை நாட வேண்டியதாயிற்று. அதற்குள் பல நாடுகளில் கோழி, பன்றித் தீவனத்தில் இது தாராளமாகக் கலக்கப்பட்டு வந்தது. நோயைத் தீர்க்க மட்டுமல்ல. எடை விரைவாகக் கூடவும் கலந்தனர்.

சீனாவில் தெரிந்த உண்மை

தீவனத்தில் சிறிய அளவில் பல நாட்கள் மருந்து கொடுத்தால், குடலில் உள்ள பலவீனமான கிருமிகள் மட்டும் சாகும்; வலுவானவை நிலைத்துவிடும். 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் இதன் விளைவை வெளியிட்டனர். கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவை அவர்கள் கண்டுபிடித்தனர். பரிசோதித்த பன்றிகளில் 21 சதவீதத்திலும், இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளில் 1 சதவீதத்தினரிடமும் இதைச் சுமந்த கிருமிகள் இருந்தன.

இந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது. ஒருவர் வீட்டு விதை நெல் ஊர் முழுவதும் கைமாறுவது போல, ஓரிடத்தில் தோன்றிய எதிர்ப்புச் சக்தி வேறு இனக் கிருமிகளுக்கும் போய்ச் சேரும். பண்ணையில் வேலை செய்வோரின் கை, சரியாக வேகாத இறைச்சி, கழிவு நீர், மட்காத எரு ஆகியவை இதற்கு வழிகள்.

மருத்துவமனைக் கிருமிகளின் எதிர்ப்புச் சக்திக்குப் பண்ணைகள் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. மருத்துவமனைகளிலேயே மருந்துகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதும், கை கழுவுவதில் காட்டும் அலட்சியமும் பெரிய காரணங்கள். ஆனால் பண்ணையாளர் தம் பங்கைக் குறைக்க முடியும். அதற்குப் பலனும் உண்டு. சீனா 2017-ல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-16-ல் கோழிகளில் சுமார் 18 சதவீதமாக இருந்த கொலிஸ்டின் எதிர்ப்புக் கிருமிகள், 2017-18-ல் 5 சதவீதமாகக் குறைந்தன.

இந்தியாவிலும் உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும், தீவனச் சேர்க்கையாகவும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

பண்ணையாளர்கள் கவனத்திற்கு

1. எடை கூடும் என்று சொல்லி விற்கப்படும் மருந்துப் பொடிகளைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. தீவன மூட்டை, தாது உப்புக் கலவை ஆகியவற்றின் லேபிளைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

2. வெள்ளைக் கழிச்சல் நோய் வைரஸால் வருவது. அதை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. உரிய வயதில் தடுப்பூசி போடுவதே வழி.

3. ஆழ்கூளத்தை அடிக்கடி கிளறி உலர்வாக வைக்க வேண்டும். கொட்டகை வாசலில் கிருமி நாசினி கலந்த கால் நனைப்புத் தொட்டி அமைக்கலாம். குடிநீர்த் தொட்டியும் குழாய்களும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தொகுதிக் கோழிகளை விற்ற பின், கொட்டகையைக் கழுவிச் சில நாட்கள் காலியாக விடுவது நல்லது.

4. நோய் கண்டால் கடைக்காரர் தரும் மருந்தை வாங்கிப் போடாமல், கால்நடை டாக்டரை அணுக வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறியலாம். அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை கொடுக்க வேண்டும்.

5. மருந்து நிறுத்திய பின், லேபிளில் குறித்துள்ள நாட்கள் கழியும் வரை முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றை விற்கக் கூடாது. மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பால் சரியாகத் தோயாமல் போவதுண்டு. தயிரின் பாக்டீரியாவையும் பாலில் தங்கிய மருந்து தடுத்துவிடுவதே காரணம். அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுவது தவறு. கன்றுக்குக் கொடுப்பதும் நல்லதல்ல.

6. கோழி எருவை நன்கு மட்கச் செய்த பிறகே வயலில் இட வேண்டும். மட்கும்போது எழும் சூட்டில் கிருமிகள் பெருமளவு அழியும்.

தடுப்பூசிக்கும் சுத்தத்திற்கும் ஆகும் செலவு சிறிது அதிகமாகத் தோன்றலாம். கோழிகள் சாவது குறைவதால் அந்தச் செலவு பண்ணைக்கே திரும்பி வரும். மேலும், பண்ணையாளர் வீட்டுப் பெரியவரோ பச்சிளங் குழந்தையோ நாளை தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க நேரலாம். அன்று டாக்டர் ஏற்றும் கடைசி மருந்து வேலை செய்ய வேண்டுமானால், இன்று அதைத் தீவனத் தொட்டியில் கொட்டாமல் இருக்க வேண்டும்.