ஏ40 கார் பிறந்த தொழிற்சாலை

ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளை நினைத்துப் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும், 1995 ஐப்பசியில் தென்மராட்சியை நோக்கி நடந்தவர்களும் வயோதிபத் தாயையோ கைக்குழந்தையையோ ஏதோ ஒரு காரில் ஏற்றிவிட இடம் தேடியிருப்பீர்கள். அந்தக் கார் பெரும்பாலும் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40 ஆகவோ, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகவோ, மொறிஸ் மைனராகவோ இருந்திருக்கும். அதற்கு முன்னரும் வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு போனதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அந்தக் கார்களே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கியுள்ள விவசாயக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, இக்கார்களைப் பற்றிய பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. அவற்றை எங்கே செய்தார்கள், இப்போது ஏன் செய்வதில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “காணி கிடைக்கும் வரைக்கும் தம்பியைக் கராஜ் வேலைக்கு விடலாமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். முதற் கேள்விக்கு விடை தேடிப் போனால் இரண்டாவதற்கும் வழியிற் சிறிது வெளிச்சம் கிடைக்கிறது.

ஏ40 காரைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகருக்குத் தென்மேற்கே உள்ள லோங்பிறிட்ஜ் என்னும் இடத்துத் தொழிலாளர். அத்தொழிற்சாலையை ஆரம்பித்தவர் ஹேர்பேர்ட் ஒஸ்ரின். இவர் இளவயதில் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று, அங்கே செம்மறியாட்டு ரோமம் கத்தரிக்கும் வூல்ஸ்லி இயந்திரங்களைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டவர். பட்டிகளுக்கே சென்று, இயந்திரம் எந்த இடத்தில் உடைகிறது, தூசியில் எது இறுகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார். 1893இல் இங்கிலாந்து திரும்பியபோது அவர் கையில் இருந்த அறிவு கமக்காரரின் இயந்திரத்திலிருந்து பெற்றதே. எங்கள் பக்கத்துக் கமக்காரர் பலரும் தங்கள் இறைப்பு இயந்திரத்தைத் தாங்களே பிரித்துப் பூட்டுவதைக் கண்டிருக்கும் எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை.

1905இல், கைவிடப்பட்டுக் கிடந்த அச்சகக் கட்டிடம் ஒன்றை வாங்கி அவர் கார் செய்யத் தொடங்கினார். அப்போது அது நகருக்கு வெளியே இருந்த நாட்டுப்புறம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுகளும் விமானங்களும் செய்ய இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலைக்குச் சேர்ந்தனர். வீடுகளும் ரயில் வசதியும் தொழிற்சாலையைப் பின்தொடர்ந்து வந்தன. போர் முடிந்ததும் கம்பனி கடனில் மூழ்கிற்று. 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்ற சிறிய கார் அதைக் கரையேற்றியது. பேர்மிங்காமைச் சுற்றியிருந்த எத்தனையோ சிறு பட்டறைகள் ஆணி, வில், கண்ணாடி, விளக்கு எனப் பாகங்களைச் செய்து கொடுத்துப் பிழைத்தன. ஒரு கார்த் தொழிற்சாலையின் பெறுமதியை அதன் வாசலுக்குள் இருப்போரை மட்டும் எண்ணிக் கணக்கிட முடியாது என்பதற்கு அப்பகுதி நல்ல உதாரணம்.

ஏ40 வெளிவந்தது 1947இல். இரண்டாம் உலகப் போரினால் பிரித்தானியாவின் கையில் அந்நியச் செலாவணி இல்லை. வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கே உருக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியது. எனவே ஏ40 கார்கள் பெருமளவில் கப்பலேறின. றப்பர் விலை உயர்ந்த 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலும் கார் வாங்கக்கூடியவர்கள் இருந்தார்கள்.

அதே கார் இன்னொரு கரையிலும் இறங்கியது. ரகுநந்தன் சரண் என்பவர் தமது மகன் அசோக்கின் பெயரில் 1948இல் அசோக் மோட்டோர்ஸ் என்ற கம்பனியை ஆரம்பித்தார். சென்னைக்கு வடக்கே எண்ணூரில், இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி, 1949 முதல் ஏ40 கார்களை வெளியே விட்டார்கள். ஆனால் புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குக் காரைக் காட்டிலும் பஸ்ஸும் லொறியும் அவசரத் தேவையாயிருந்தன. 1950இல் லேலண்ட் கம்பனியுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1955இல் கம்பனியின் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. காரில் தொடங்கிய எண்ணூர்த் தொழிற்சாலை இவ்வாறு பஸ் தொழிற்சாலையாயிற்று.

இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. 1977இற்குப் பின் கதவு திறந்தபோது கொழும்பு ஜப்பானியக் கார்களுக்கு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பழையவை நின்றுவிட்டன. அது எங்கள் சனத்தின் சிக்கனம் என்று சிலர் பகிடி பண்ணினார்கள். 1990இல் அந்தப் பகிடி நின்றது.

அவ்வாண்டு யுத்தம் மீண்டும் வெடித்தபின் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மட்டுமட்டாகக் கிடைத்த மண்ணெண்ணெயில் ஏ40 ஓடியது. புதிய கார்கள் படங்கு மூடிக் கிடந்தன. இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. சிலிண்டருக்குள் செல்லும் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் நசுக்குகிறது. பிற்காலத்துக் கார்களில் ஒன்பதில் அல்லது பத்தில் ஒரு பங்காகும் வரை நசுக்குவார்கள். மண்ணெண்ணெய் அதைத் தாங்காது. தீப்பொறியின் சுவாலை பரவுமுன்னரே கலவை தானாக வெடிக்க, என்ஜின் தட்டத் தொடங்கும். ஏ40 என்ஜினோ ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் நசுக்குகிறது. 1200 சீசீ கொள்ளளவுக்கு அதன் வலு 40 குதிரைவலுதான். அந்தப் பலவீனமே அன்று பலமாயிற்று.

மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த சில துளி பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டக்காணிகளில் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய கைவேலை. கிணற்றடியில் கற்றதையே வீதியிலும் செய்தார்கள். நட்டம் இல்லாமலும் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மாற்றாவிட்டால் பெயறிங்குகள் தேயும். புகையில் கண் எரியும். அந்தப் புகையை இன்றும் மறக்காதவர்கள் இதை வாசிப்பவர்களுள் இருப்பார்கள்.

காரைச் செய்த இடத்துக்கு என்ன நேர்ந்தது? 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாயின. 1968இல் லேலண்டும் அதனோடு சேர்ந்தது. 1975இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. பின்னர் விமானக் கம்பனி ஒன்றுக்கும், 1994இல் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ கம்பனிக்கும் கைமாறி, 2000இல் வெறும் பத்துப் பவுணுக்கு விற்கப்பட்டது. 2005 சித்திரையில் நடை பெற முடியாமல் நின்றது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே தடவையில் வேலையிழந்தனர். தொழிலாளரின் வேலைநிறுத்தங்களே காரணம் என்று முன்னர் பத்திரிகைகள் எழுதின. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அடிக்கடி மாறிய முதலாளிமார் புதிய கார்களுக்குப் போதிய முதல் போடாததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நீதியான கணக்காகாது.

வேலையிழந்தவர்களுள் பெரும்பாலோர் வேறு வேலை தேடிக்கொண்டனர். ஆனால் பலருக்கு முன்னைய சம்பளம் கிடைக்கவில்லை. இயந்திரங்களைச் சீனக் கம்பனி ஒன்று வாங்கியது. காணியில் இப்போது வீடுகளும் கடைகளும் ஒரு கல்லூரியும் உள்ளன.

எண்ணூரின் கதை வேறுவிதம். அந்தக் கம்பனி நிலைத்தது. கடலைத் தாண்டி எம்மிடமும் வந்தது. 1982இல் இலங்கை அரசாங்கத்துடன் சேர்ந்து லங்கா அசோக் லேலண்ட் உருவாயிற்று. ஹோமாகமைக்கு அண்மையில் பனாகொடையில் அதன் பஸ்களும் லொறிகளும் பொருத்தப்படுகின்றன. காலி வீதியில் நீங்கள் ஏறும் லேலண்ட் பஸ்ஸும், ஊரில் விட்டுவந்த ஏ40 காரும் ஒருவகையில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி ‘தம்பி’யின் விடயம். இலங்கையில் லோங்பிறிட்ஜ் போன்ற பெருந்தொழிற்சாலை இல்லை. இங்கே மோட்டார்த் தொழில் என்றால் பெரும்பாலும் திருத்தும் தொழிலே. வேலை கற்கலாம், ஆனால் சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் கராஜில் சாவி எடுத்துக் கொடுப்பதைப் படிப்பென்று நம்பிவிட வேண்டாம். சான்றிதழ் தரும் பயிற்சியையும் விசாரியுங்கள். பஸ் திருத்துவோரைப் பயிற்றுவதற்காக 1959இல் ஜேர்மன் உதவியுடன் தொடங்கப்பட்ட நிறுவனம் மொறட்டுவையில் இயங்குகிறது; சனங்கள் ‘ஜேர்மன் ரெக்’ என்று சொல்வது அதைத்தான். சேரும் தகைமைகளை அங்கேயே கேட்டறிவது நல்லது. மகன் தொழில் பழகுகிறான் என்பதற்காகக் காணி உறுதியையும் பழைய வரிப் பற்றுச்சீட்டுகளையும் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது தூரத்தில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த தெரு. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பாகம் எங்கே பூட்டுவது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுக்க, கிணற்றடியில் இயந்திரம் பிரித்த அப்புமார் எங்கள் அறைகளில் இன்னும் இருக்கிறார்கள்.