குவிந்த ஒளியும் பரவிய ஒளியும்

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அதிகாலை இரண்டரை மணியளவில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தது. தில்லி முதலான பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. மறுநாள் நண்பகலில் கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகளும் உடன் செயலிழந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. இத்தகைய பெருந்தடை அரிது. ஆயினும், புயல், மழை, பழுது ஆகியவற்றால் சிறு மின்தடைகள் எந்த ஊரிலும் நேரலாம். அப்போது வீட்டில் உள்ளோர் தேடுவது டார்ச் எனப்படும் கைமின்விளக்கையே.

கைமின்விளக்கு வாங்குவோர் பலரும், "எது வெகுதொலைவு ஒளி வீசும்?" என்றே கேட்பர். வயல்வெளியில் நடப்பவருக்கு அக்கேள்வி பொருந்தும். நான்கு சுவர்களுக்கு நடுவே இருப்பவருக்கு அது பொருந்துமா?

ஒளிக்கற்றையின் வகைகள்

இக்காலக் கைமின்விளக்குகளில் ஒளி தருவது எல்.இ.டி. என்னும் சிறு பொருளாகும். பல விளக்குகளில் அதனைச் சுற்றிக் கிண்ணம் போன்ற பரவளைய ஆடி அமைந்திருக்கும். ஆடியின் குவியத்தில் எல்.இ.டி. இருப்பதால், ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வெளியேறுகின்றன. இவ்விளக்கைச் சுவரை நோக்கிப் பிடித்தால், நடுவே பளிச்சென்ற வட்டமும் அதனைச் சூழ மங்கலான ஒளியும் தோன்றும். நடுவட்டம் ஆடி குவித்த ஒளி. மங்கலான ஒளி ஆடியில் படாமல் நேரே வந்த ஒளி.

ஆடி அகலமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் நடுவட்டம் செறிந்து காணப்படும். ஆடியின் பரப்பு ஆரஞ்சுத் தோல் போன்று மேடுபள்ளமாக இருந்தால், வட்டத்தின் விளிம்பு கரைந்து ஒளி மென்மையாகப் பரவும்.

சில விளக்குகளில் ஆடிக்குப் பதிலாகக் குவிலென்சு உண்டு. அவற்றின் முன்பகுதியை உள்ளே தள்ளினால் அகன்ற, சீரான வட்டம் கிடைக்கும். வெளியே இழுத்தால் ஒளி சிறு பொட்டாகக் குவியும். பால்நிற மூடி கொண்ட விளக்குகளோ அரிக்கேன் விளக்கைப் போல எல்லாத் திசைகளிலும் ஒளி தரும்.

அளவு ஒன்று, பங்கீடு வேறு

ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லுமென் என்னும் அலகால் அளப்பர். ஒரு மெழுகுவத்தி தருவது ஏறத்தாழ 12 லுமென். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லுமென் ஒளி விழுந்தால், அங்குள்ள ஒளியளவு ஒரு லக்ஸ் எனப்படும்.

120 லுமென் தரும் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி முழுவதும் சுவரில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் குவிந்தால், அங்கே 120 லக்ஸ் இருக்கும். அறையின் ஏனைய பகுதிகள் இருண்டே கிடக்கும். அதே ஒளி, 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய அறையின் தரை முழுவதும் சீராகப் பரவினால், ஒவ்வோரிடத்திலும் 10 லக்ஸ் இருக்கும். நெடுநேரம் படிப்பதற்கு இது போதாது. ஆனால், முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸுக்கும் குறைவு என்பதை எண்ணினால், நடமாடுவதற்கு இது தாராளம் என்பது விளங்கும். கட்டிலின் காலும் தரையில் கிடக்கும் செருப்பும் வாயிற்படியும் கண்ணுக்குத் தெரியும்.

நம் கண்ணின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. பளிச்சென்ற வட்டத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. சுற்றியுள்ள இருள் மேலும் இருண்டு தோன்றுகிறது. அந்நிலையில் பார்வை மங்கிய முதியோர் இடறி விழ நேரிடலாம். ஆகவே, அறையினுள் குவிந்த ஒளியைவிடப் பரவிய ஒளியே பாதுகாப்பானது.

கூரையே விளக்காதல்

வீட்டில் இருப்பது குவிந்த ஒளி தரும் விளக்கு மட்டுமே என்றால் என்ன செய்வது? அதனை மேசைமேல் நிமிர்த்தி, வெள்ளைக் கூரையை நோக்கி வைக்கலாம். வெண்சுண்ணம் பூசிய பரப்பு தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்யும். அப்போது கூரையே பெரிய விளக்காகிவிடும். கண் கூசுவதும் இல்லை. கூரை கரும்பழுப்பு மரத்தாலானது என்றால், ஒளியின் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடும். அங்கு வெள்ளைச் சுவரை நோக்கி விளக்கைத் திருப்பலாம்.

கைப்பேசியின் விளக்கையும் இவ்வாறே பயன்படுத்தலாம். அதன்மேல் தண்ணீர் நிறைந்த, ஒளி ஊடுருவும் புட்டியை வைத்து, தண்ணீரில் சில துளி பால் கலந்தால், புட்டி முழுவதும் ஒளிரும். பாலில் உள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம்.

மாடிப்படியில் இறங்கும்போதும், கட்டிலுக்கடியில் விழுந்த பொருளைத் தேடும்போதும் குவிந்த ஒளி தேவைப்படும். எனவே, ஒரு விளக்கைக் கூரை நோக்கி வைத்துவிட்டு, மற்றொன்றைக் கையில் கொண்டு செல்வது நன்று. அவ்விளக்குகளை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்த ஓரிடத்தில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

மின்தொகுப்பு – பல மாநிலங்களின் மின்வழிகளை இணைக்கும் அமைப்பு
ஒளிக்கற்றை – ஒரு திசையில் செல்லும் கதிர்களின் தொகுதி
குவியம் – கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளி
பாவை – கண்ணின் நடுவிலுள்ள கரிய துளை

பயிற்சி

1. சுவரில் தோன்றும் நடுவட்டத்திற்கும் அதனைச் சூழ்ந்த மங்கலான ஒளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 200 லுமென் ஒளி 20 சதுர மீட்டர் தரையில் சீராகப் பரவினால், ஒளியளவு எத்தனை லக்ஸ்?
3. 'ஒளி பரவியது' என்பது தன்வினை. 'ஒளியைப் பரப்பியது' என்பது பிறவினை. இவ்வாறே குவிந்தது, சுருங்கியது, திரும்பியது ஆகியவற்றைப் பிறவினையாக்குக.
4. இரவில் உங்கள் வீட்டு அறையில் கைமின்விளக்கை முதலில் சுவரை நோக்கியும், பின்னர்க் கூரையை நோக்கியும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிந்த பொருள்களைத் தமிழில் பட்டியலிடுக.