நான்காவது அச்சு

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டையிலுள்ள துளைகள் எந்த இழை மேலெழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதைப் போலவே, 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்ட எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரமும் துளையிட்ட நாடாவைப் படித்தே தன் மேசையை நகர்த்தியது. அதன் வழிவந்த சி.என்.சி. எனப்படும் கணினி எண்கட்டுப்பாட்டு இயந்திரங்கள் இன்று பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு வடகிழக்கே, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதிகளில் வாகன உதிரிபாகங்களை உருவாக்கும் வேலையில் ஈடுபட்டுள்ளன.

சாதாரண மில்லிங் இயந்திரத்தில் நீளம், அகலம், உயரம் ஆகிய எக்ஸ், ஒய், இஸட் என்ற மூன்று அச்சுகள் உண்டு. எக்ஸ் அச்சை மையமாகக் கொண்டு பொருளையே சுழற்றும் ஏ அச்சைத்தான் பட்டறைகளில் ‘ஃபோர்த் ஆக்சிஸ்’ என்கிறார்கள். ஒரு தண்டின் நான்கு பக்கங்களையும், அதன்மேல் சுற்றிச் செல்லும் திருகுக் காடியையும், ‘ஜாப்’ எனப்படும் வேலைப்பொருளைக் கழற்றாமலே வெட்டி முடிக்க அது உதவுகிறது.

இந்த அச்சைத் தரும் சுழல் அலகை மேசையில் போல்ட் போட்டு இறுக்குவது எளிது. அதன் சுழல்மையத்தை இயந்திரத்தின் கணக்கோடு பொருத்துவதே கற்க வேண்டிய வித்தை. அலகில் பொருளைப் பிடிக்கும் சக்கிற்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கிற்கும் இடையே துல்லியமாகச் சாணை பிடித்த உருளைக் கம்பியைப் பிடித்து, வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் பொருத்திய, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்து, மேசையை எக்ஸ் திசையில் மெல்ல நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் முள் அசைந்தால் அலகை நைலான் சுத்தியால் தட்டியும், மேற்பரப்பில் அசைந்தால் தாழ்ந்திருக்கும் பக்கத்து அடியில் ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய தகட்டைச் செருகியும் சரிசெய்வர். கம்பியே சற்றுக் கோணியிருக்கக்கூடும் என்பதால், 180 பாகை சுழற்றி மீண்டும் பார்ப்பது அவசியம்.

பின்னர் கம்பியின் இரு பக்கங்களையும் தொட்டு நடுப்புள்ளியை ஒய் மையமாகவும், உச்சியைத் தொட்டு ஆரத்தைக் கழித்து இஸட் மையமாகவும் பதிய வேண்டும். ஒய் மையத்தில் 0.02 மி.மீ. பிழை நேர்ந்தால், எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இடும் இரு துளைகள் ஒன்றுக்கொன்று 0.04 மி.மீ. விலகி நிற்கும்; சுழற்சி பிழையை இரட்டிப்பாக்குகிறது.

வெட்டும் வேகத்திலும் இதே கவனம் தேவை. 10 மி.மீ. ஆரத்தில் ஒரு பாகை என்பது 0.17 மி.மீ. தொலைவு, 50 மி.மீ. ஆரத்திலோ 0.87 மி.மீ.; ஆகவே பாகைக் கணக்கில் ஒரே வேகம் கொடுத்தால் வெளிவிளிம்பில் கருவி ஐந்து மடங்கு விரைந்து ஓடி முறியக்கூடும். இதைத் தவிர்க்கவே, ஒவ்வொரு அசைவும் முடிய வேண்டிய நேரத்தைக் கொண்டு வேகத்தைக் குறிக்கும் ஜி93 என்ற கட்டளை பல கட்டுப்பாட்டு அமைப்புகளில் உண்டு.

தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ ரூ.2,877 கோடியில் மேம்படுத்த 2022இல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் மாநில அரசு ஒப்பந்தம் செய்துகொண்டதால், இத்தகைய இயந்திரங்கள் கிராமத்து மாணவர்களின் கைக்கு எட்டியுள்ளன. இது பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆனால் திரையில் நிரல் எழுதக் கற்பிப்பதோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் டயல் கேஜைத் தம் கையால் வைத்து, மையத்தைத் தாமே கண்டுபிடிக்கும் வரை பயிற்றுநர்கள் அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.